கயிறு இல்லாமல் குதிரையை அழைத்து வர முடியுமா?



தஞ்சைத் தரணியில் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆடுபவர் குதிரைக் கூட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரக்கால்களில் நின்று சுழல்வார். அவர் திரும்பினால் குதிரையும் திரும்பும். அவர் நின்றால் குதிரையும் நிற்கும். அதற்கென்று தனி மனம் கிடையாது.

குடும்பத்தையும், பணியிடத்தையும், பங்கிலுள்ள சங்கங்களையும் நம்மில் பலர் இப்படித்தான் நடத்த நினைக்கிறோம். நாம் திரும்பும் பக்கம் எல்லாரும் திரும்ப வேண்டும் என எதிர்பார்க்கிறோம். ஆனால் உயிருள்ள குதிரையிடம் இது நடக்காது. இந்த உண்மையையே பாடமாக்கி, குதிரைகளின் துணையோடு உணர்வு நுண்ணறிவையும் தலைமைப் பண்பையும் கற்பிக்கும் பயிற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

உணர்வு நுண்ணறிவு என்பது என்ன? தன் உணர்வுகளையும் பிறர் உணர்வுகளையும் அறிந்து, அவற்றை நல்ல முறையில் கையாளும் திறனே அது. பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள் 1990-இல் இதை விளக்கி எழுதினர். டேனியல் கோல்மன் 1995-இல் எழுதிய நூலின் வழியாக இது உலகெங்கும் பரவியது.

இதைக் கற்றுத்தரக் குதிரை எதற்கு? தரங்கம்பாடியிலிருந்து தெற்கே நாகையையும் வேளாங்கண்ணியையும் கடந்து சென்றால் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் கூட்டமாகத் திரியும் மட்டக்குதிரைகளைக் காணலாம். குதிரை வேட்டையாடும் விலங்கு அல்ல, வேட்டையாடப்படும் விலங்கு. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடினால்தான் அது பிழைக்கும். ஆகவே அருகில் இருப்பவரின் உடல் அசைவு, குரல், இறுக்கம் ஆகியவற்றை அது எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று 1904-இல் பெரும்புகழ் பெற்றது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டறிந்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவர் தம்மை அறியாமலே தலையை மிகச் சிறிதளவு அசைத்தார். அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியது. கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரை தோற்றது. மனிதர் கவனிக்காத ஒன்றைக் குதிரை கவனித்திருந்தது!

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினர். கோபமான முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்தது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்க வைக்கிறது. முதலில் ஒருவரின் கோபமான படத்தைக் காட்டினர். சில மணி நேரம் கழித்து அதே நபர் கோபமில்லாத முகத்தோடு நேரில் வந்தார். அப்போதும் குதிரைகள் அவரை எச்சரிக்கையோடுதான் பார்த்தன.

பயிற்சி எப்படி நடக்கிறது? பெரும்பாலும் யாரும் குதிரைமேல் ஏறுவதில்லை. வேலியிட்ட திறந்தவெளியில் குதிரை இருக்கும். கயிறோ கடிவாளமோ இல்லாமல் அதை ஓர் இடத்திற்கு அழைத்துவரச் சொல்வார்கள். குதிரையை அறிந்த ஒருவரும் பயிற்றுநர் ஒருவரும் உடனிருப்பார்கள். அதட்டிக்கொண்டு போனால் குதிரை விலகும். தயங்கித் தயங்கிப் போனால் கண்டுகொள்ளாது. உள்ளே பதற்றமும் வெளியே புன்னகையுமாகப் போனால் அந்த இறுக்கத்தையும் உணர்ந்துகொள்ளும். மூச்சைச் சீராக்கி, போகும் திசையில் தெளிவோடு அமைதியாக நடப்பவரைப் பின்தொடரும் வாய்ப்பு அதிகம். பிறகு அனைவரும் அமர்ந்து, "குதிரை ஏன் விலகியது? அப்போது என் மனத்தில் என்ன இருந்தது?" என்று பேசுவார்கள். உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. மேலதிகாரியைத் தொழிலாளர் முகத்துக்காகப் புகழலாம். குதிரைக்குப் பதவியும் தெரியாது, முகத்துதியும் தெரியாது.

இப்பயிற்சி மாயமருந்து அன்று. இதுபற்றிய ஆய்வுகள் பலவும் சிறு குழுக்களிடம் நடந்தவையே. தேர்ந்த துணையின்றி குதிரையை நெருங்குவது ஆபத்தும்கூட. ஆனால் இது நம் முன் வைக்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் கடல்கடந்து பெரும் பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் குறித்துள்ளார். பொருள் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதைப் புரிந்துகொள்ளும் மனத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? காலையில் கண்ட கோப முகத்தை அவர்கள் மாலை வரை மனத்தில் சுமக்கிறார்கள். "நான் இப்போது ஒன்றும் சொல்லவில்லையே!" என்று அவர் வியக்கிறார். அவர் சொல்லவில்லைதான், அவருடைய முகம் முன்பே சொல்லிவிட்டது. பிள்ளைகள் அடங்கியிருப்பதை மரியாதை என்று அவர் எண்ணுகிறார். அது அச்சமாக இருந்தால், கயிறு அவிழும் நாளில் அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்?

குருத்து ஞாயிறன்று நாம் நினைவுகூரும் கழுதைக்குட்டி, அதுவரை யாரும் அமராத குட்டி என்கிறது நற்செய்தி. பழக்கப்படாத விலங்கு, ஆர்ப்பரிக்கும் கூட்டம்! ஆனாலும் அது ஆண்டவரைச் சுமந்து சென்றது. அதன்மேல் அமர்ந்திருந்தவரின் அமைதியை எண்ணிப் பாருங்கள்.

தரங்கம்பாடியில் குதிரைப் பயிற்சிக்கூடம் தேட வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூச்சைச் சீராக்குங்கள். பணியிடத்துக் கோபம் இன்னும் முகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் உள்ளே செல்லுங்கள். பிள்ளைகள் உங்களை நோக்கி வருகிறார்களா, விலகுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கான பாடம் அங்கே இருக்கிறது.