முப்பத்தொன்பது வரை திறந்த வாசல்

முப்பதைத் தாண்டினால் ராணுவக் கனவை மறந்துவிட வேண்டியதுதான் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1831-இல் பிறந்த பிரெஞ்சு அந்நியப் படையணியில் கணக்கு வேறு. எந்த நாட்டு ஆணும் பதினேழரை முதல் முப்பத்தொன்பதரை வயதுக்குள் சேரலாம். முதல் ஒப்பந்தம் 5 ஆண்டு.

பிரான்சுக்கு நேரில் போய்த்தான் நிற்க வேண்டும். ஓபாஞ் நகரில் உடல், மனநலத் தேர்வுகள். தேறியவர்களுக்குக் காஸ்தெல்நோதாரியில் 4 மாதப் பயிற்சி. படையின் புகழ்பெற்ற வெள்ளைத் தொப்பியை அணியும் உரிமை, நெடுந்தூரச் சுமைநடையை முடித்த பிறகே கிடைக்கும். முப்பத்தைந்து வயது முழங்கால், இருபது வயதைப்போல் ஒரே இரவில் தேறாது. பல மாதங்களுக்கு முன்பே சுமையைச் சிறிதுசிறிதாகக் கூட்டிப் பழகுவதே புத்திசாலித்தனம்.

உடலைவிடக் குடும்பமே கடினமான கேள்வி. மணமானவரும் தொடக்கத்தில் மணமாகாதவராகவே பதிவாகிறார்; மனைவி மக்களைப் பிரிந்துதான் முகாமில் வாழ வேண்டும். சேரும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.