சொத்தை இல்லாத பல்லில் சீழ் வருவது ஏன்?

பல் வலி என்றால் சொத்தை, சொத்தை என்றால் இனிப்பு. நாம் அப்படித்தான் பழகியிருக்கிறோம். ஆனால் பார்வைக்கு நல்ல பல்லாகவே இருந்து, அதன் அடியில் ஈறு வீங்கிச் சீழ் கட்டினால்? கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டு வீக்கம் வற்றும். சில மாதங்களில் அடுத்த பல்லில் அதே கதை. "இனிப்பு நீர் இருக்கும், சோதித்துப் பாருங்கள்" என்பார்கள். சோதித்தால் இருக்காது.

இவர் குள்ளமானவராகவும் சிறு வயதிலேயே கால் வளைந்தவராகவும் இருந்தால், இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்ப்பது நல்லது. ஏறக்குறைய 20,000 பேரில் ஒருவருக்கு வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால் ஒரு ஹார்மோன் மிகுந்து, சிறுநீரகம் பாஸ்பேட்டைச் சேமிக்காமல் சிறுநீரோடு விட்டுவிடுகிறது.

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் கூழ். பாஸ்பேட் போதாவிட்டால் டென்டின் சரியாக இறுகாது. கூழின் அறை பெரிதாகி, அதன் முனைகள் எனாமலின் அடிவரை எட்டிவிடும். பிறகென்ன, முறுக்கு கடித்துத் தேய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பே கிருமிக்குப் போதும். நம் குழாய் நீரில் கலக்கும் ஃபுளோரைடு எனாமலுக்கு நல்லது. உள்ளே உள்ள இந்தக் குறையை அது தீர்க்காது.

எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. டென்டின் அப்படியல்ல. அதனால்தான் குழந்தைப் பருவத்திலேயே பாஸ்பேட்டும் வீரியமுள்ள வைட்டமின் டி மருந்தும் தொடங்கினால் நிலையான பற்கள் ஓரளவு நன்றாக அமைகின்றன. 2018-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற புரோசுமாப் ஊசி அந்த ஹார்மோனையே தடுக்கிறது. என்றாலும் முன்பே உருவான டென்டினை அது மாற்றிக் கட்டாது.

பெரியவர்கள் செய்யக்கூடியது, பல் மருத்துவரிடம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது. ஆறு மாதத்திற்கொரு முறை பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. தேய்ந்த இடத்தைப் பிசின் பூசி மூடலாம். கூழ் செத்துவிட்டால், பிடுங்குவதற்கு முன் வேர் சிகிச்சை முடியுமா என்று கேளுங்கள். இவர்களுக்கு ஈறு நோயும் அதிகம். பல் துலக்குவதில் சோம்பல் கூடாது.

உறவில் திருமணம் முடித்ததால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லாதீர்கள். தகப்பனுக்கு இருந்தால் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் வரும், ஆண் பிள்ளைகளுக்கு வராது. தாய்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபணுப் பிரிவு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளை நடக்கத் தொடங்கிக் கால் வளையும்வரை காத்திருக்காமல் கைக்குழந்தையிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.