அப்பாயியும் அம்மாயியும் கூப்பிட ஒரு பெயர்

பெரம்பலூரை அடுத்த குரும்பலூர் ஒரு சிறிய பேரூராட்சி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வட்டாரம். ஆனாலும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல வீடுகளின் அடுப்பு வெளிநாட்டுச் சம்பளத்தில் எரிகிறது. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருவது பழைய வழக்கம். இப்போது பொறியியலும் கணினியும் படித்த பிள்ளைகள் ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா என்று போகிறார்கள். போன இடத்தில் சிலருக்குக் கல்யாணமும் அமைகிறது. மருமகளோ மருமகனோ வேறு நாட்டவர் என்பதை ஊர் மெல்ல ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஒரு பெண் குழந்தை பிறந்ததும்தான் அடுத்த கேள்வி எழுகிறது: என்ன பெயர் வைப்பது? இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. இரு நாட்டுக் குடும்பத்தில் பிறக்கும் பெண்ணின் பெயர், இங்கே இருக்கும் அப்பாயியும் அங்கே இருக்கும் அம்மாயியும் வாய்நிறையக் கூப்பிடக்கூடிய ஒரே பெயராக இருக்க வேண்டும். அந்த ஒரே பெயர்தான் எல்லா ஆவணங்களிலும் ஏற வேண்டும். பெயரின் பொருள், நட்சத்திரம், எண் கணிதம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

நம் வீடுகளில் பெயர் தேடுவதற்குச் சில வழிகள் உண்டு. பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய முதல் எழுத்தைப் பார்ப்பது ஒன்று. கூட்டுத்தொகை சரியாக வர ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது இன்னொன்று. தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியலைப் புரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட வீட்டில் அம்மன் பெயரில் ஒரு பங்காவது குழந்தைக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த வழிகள் எல்லாமே இந்தப் பக்கத்துக் குடும்பத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடுகின்றன. அந்தப் பக்கத்துப் பாட்டியின் கைக்கு முடிவான பெயர் மட்டுமே போய்ச் சேர்கிறது. அவருக்கு அது சொல்ல வராவிட்டால் சுருக்கிக்கொள்வார். பிறகு பள்ளியும் அலுவலகமும் சுருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து நார்வேயில் வளர்ந்து, ஆஸ்லோவின் துணை மேயராகவும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆன கம்ஷாஜினி குணரத்தினத்தை நார்வே முழுதும் ‘கம்சி’ என்றே அறியும். விருப்பத்தோடு ஏற்ற சுருக்கம் அழகானதுதான். சொல்ல வராமல் பிறர் போட்ட சுருக்கத்தோடு வாழ்நாள் முழுதும் இருப்பது வேறு விஷயம்.

நாவுக்கு எளிதாக வருகிற பெயருக்கு உலகில் ஒரு சலுகை இருப்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. சைமன் லாஹம், பீட்டர் கோவல், ஆடம் ஆல்டர் ஆகிய மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், உச்சரிக்க எளிதான பெயர் உடையவர்களைப் பற்றி மற்றவர்களின் மதிப்பீடு கூடுதலாக இருந்தது. அமெரிக்கச் சட்ட நிறுவனங்களின் வழக்கறிஞர்களிடம் பார்த்தபோதும், எளிதான பெயர் உள்ளவர்கள் பதவியில் மேலே இருக்கும் போக்கு தெரிந்தது. இந்த ஆய்வில் நமக்கு முக்கியமான செய்தி இன்னொன்று. பெயரின் நீளமோ அது அரிய பெயர் என்பதோ இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இல்லை. சொல்ல எளிதா என்பதுதான் தனியாக நின்றது. அப்படியானால் நம் பெண்ணுக்கு வேறு நாட்டுப் பெயரைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் பெயர்களிலேயே அவர்கள் வாய்க்கும் வருகிற ஒன்றைத் தேடினால் போதும்.

அப்படிப் பொதுவான பெயர்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன என்று கேட்கலாம். நிறையவே இருக்கின்றன. மீனா, மாயா, தாரா, மீரா, லீலா, அனிதா, நிலா என்று எண்ணிக்கொண்டே போகலாம். இதே ஒலியிலோ மிக நெருங்கிய ஒலியிலோ இவற்றுள் பலவற்றை அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் ஈரானிலும் ஸ்லாவிய நாடுகளிலும் ஜப்பானிலும் பெண்களுக்கு வைக்கிறார்கள். லெப்பைக்குடிக்காட்டு மரியம், பக்கத்து ஊர் தேவாலயத்தில் மேரி. இத்தாலிக்குப் போனால் மரியா. பாத்திமா என்ற அரபுப் பெயர் போர்ச்சுகலில் ஓர் ஊரின் பெயராகி, 1917-இல் அங்கே மாதா காட்சி தந்ததாகப் பரவிய செய்திக்குப் பின் கத்தோலிக்கப் பெண்களின் பெயராகவும் ஆனது. மதுரகாளியம்மன் பெயர் வேண்டும் என்கிற வீட்டுக்கு மதுரா என்ற பெயர் இருக்கிறது. அதைச் சொல்லத் திணறும் நாடு அநேகமாக இருக்காது. பெயர்கள் எல்லை தாண்டுவதை இந்த மண் முன்பே பார்த்தும் இருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி என்ற பாதிரியார் தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனார். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அவர் மரியன்னையை அடைக்கல மாதா என்றார்; விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்றார். தேம்பாவணியில் சூசையப்பரை வளன் ஆக்கினார். மக்களின் வாயில் புழங்காத பெயர் மனத்தில் தங்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று நூற்றாண்டு ஆன பின்பும் அந்தப் பெயர்கள் மக்கள் நாவில் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான கவலை ஒன்றும் உண்டு. எளிமை எளிமை என்று போனால் யாழினியும் கனிமொழியும் தமிழ்ச்செல்வியும் மறைந்துபோவார்களே, தமிழின் தனி எழுத்துகளை நாமே கைவிடலாமா என்பது அது. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். என் அளவுகோல் முதல் முறை கேட்டதும் சொல்ல வருகிறதா என்பதன்று. சொல்லிக்கொடுத்தால் அன்போடு கற்றுக்கொள்ள அந்தக் குடும்பம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதே. இருக்கிறது என்றால் யாழினி தாராளமாக வரலாம். சென்னையிலிருந்து சென்ற சியாமளா கோபாலனும் ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸும் அமெரிக்காவில் தங்கள் மகள்களுக்குக் கமலா தேவி, மாயா லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர் தந்தையுடையது. அழைக்கும் பெயர் தாயின் பண்பாட்டிலிருந்து வந்தது. கமலா 1964-இல் பிறந்தவர். தம் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று 2019-இல் வந்த தம் நூலிலேயே விளக்கினார்; 2020 தேர்தல் கூட்டம் ஒன்றில் ஒரு செனட்டர் அந்தப் பெயரைக் கேலியாக உருட்டியபோதும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று எழுத்துப் பெயருக்கே இவ்வளவு விளக்கம் வேண்டியிருந்தது. கடினமான பெயரைத் தேர்கிற பெற்றோர் அந்த உழைப்பு பிற்காலத்தில் மகளின் தலையில் விழும் என்பதை அறிந்து தேர வேண்டும்.

இன்னொரு தரப்பு, பேசாமல் ஆங்கிலப் பெயரே வைத்துவிட்டால் வேலை கிடைப்பது எளிது என்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. பொருளியல் அறிஞர் பிலிப் ஓரியோபூலஸ் டொராண்டோ நகரில் ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை அனுப்பி, 2011-இல் முடிவை வெளியிட்டார். தகுதி ஒன்றாக இருந்தும் ஆங்கிலப் பெயருக்கு வந்த அழைப்பைவிட இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வந்த அழைப்பு குறைவு. இந்த அநீதி உண்மையானது. இல்லை என்று சொல்லிக் குழந்தையை ஏமாற்றக் கூடாது. ஆனால் குறை விண்ணப்பத்தை ஒதுக்கியவரிடம் இருக்கிறது. அதற்குப் பயந்து ஒரு பக்கத்து வேரையே பெயரிலிருந்து எடுத்துவிட்டால், வளர்ந்த பிறகு அந்தப் பெண் தன் தந்தை வழியையோ தாய் வழியையோ தேடி அலைய நேரும். முந்தைய தலைமுறையில் இந்த இழப்பை ஏற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் 1951-இல் மணந்த பர்மியப் பெண் மா டின்ட் டின்ட், இந்தியாவில் உஷா ஆனார். மகள்கள் சித்ரா, அமிர்தா. அந்தக் காலத்தின் வழக்கம் அது. இன்று அப்படி ஒரு பக்கம் முழுதாக விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரு பக்கமும் சொல்லும் பெயர் இருக்கும்போது அதைத் தேர்வதே நியாயம்.

அப்படியானால் இரண்டு பெயர் வைத்துக்கொண்டால் என்ன, வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று நமக்குப் புதிதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். செல்லப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். சிக்கல் எழுவது இரண்டு நாட்டு ஆவணங்களில் இரண்டு பெயர் ஏறும்போதுதான். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியோடு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். மற்ற நாட்டுக் குடியுரிமையைத் தேர்ந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெற வழியுண்டு. எந்த வழியில் போனாலும் பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். அரசின் புத்தகத்தில் பெயர் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்தில் ஒரு குடும்பம் எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் தந்தைக்கும் ஐஸ்லாந்துத் தாய்க்கும் பிறந்த சிறுமிக்கு வைத்த ஆங்கிலப் பெயர் அந்நாட்டு இலக்கணத்தில் வேற்றுமை ஏற்காது என்று பதிவகம் மறுத்தது. அவளுடைய பாஸ்போர்ட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. 2014-இல் அந்தப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே, பெயரை முடிவு செய்யும் முன் இரு நாட்டுச் சட்டத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சட்டம் எப்போதும் எதிராகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் இந்திய வம்சாவளித் தந்தையைக் கொண்ட ஒரு பெண் குழந்தைக்குப் பெற்றோர் கிரண் என்று பெயரிட்டார்கள். இது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, பெண் என்று தெளிவாகக் காட்டும் இன்னொரு பெயரையும் சேருங்கள் என்றது பதிவு அலுவலகம். வழக்கு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்று ஜெர்மன் சட்டத்தில் விதி இல்லை, குழந்தையின் நலன் கெடாதவரை பெயர் தேர்வது பெற்றோரின் உரிமை என்று 2008 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது. கிரண், மணி, செல்வம் என்று இருபாலுக்கும் பொதுவாகப் பெயர் வைக்கும் நம் வழக்கத்துக்கு இது நல்ல துணை.

அழைக்கும் பெயரைவிட அதிகத் தொல்லை தருவது அதற்குப் பக்கத்தில் வருகிற இனிஷியல். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதல் எழுத்தோடு நிறைவடைவோம். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து எழுதும்போது தந்தையின் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. அப்பாவின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர், மகளின் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், அம்மாவுக்கு வேறொன்று. விமான நிலையத்தில் ஒரே வீட்டார் மூவரும் மூன்று குடும்பத்தவராகத் தெரிவார்கள். இனிஷியலும் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு நின்றாலும் இடர் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது வளைகுடா செல்லும் பல தமிழ்க் குடும்பங்கள் கலங்கின. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். மலேசியாவில் மகள் என்று குறிக்கும் சிறு குறியீட்டை இட்டுத் தந்தை பெயரை எழுதும் வழக்கம் நம் முறைக்கு நெருக்கமானது. ஐரோப்பாவில் பெரும்பாலும் அது கிடையாது. அங்கே குடும்பப் பெயர் வேண்டும் என்பதற்காகச் சாதிப் பட்டத்தை மீண்டும் எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. தமிழ்நாடு பெருமளவு துறந்து காட்டியது. தந்தையின் இயற்பெயர், தாயின் குடும்பப் பெயர், ஊர்ப் பெயர் என்று வேறு வழிகள் நிறைய உள்ளன. ஜெர்மனியில் 2025 மே 1 முதல் பெற்றோர் இருவரின் பெயரையும் சேர்த்து இரட்டைக் குடும்பப் பெயராகக் குழந்தைக்குத் தரவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

காலக்கெடுவும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை குரும்பலூரில் பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஜெர்மனியில் பிறந்தால் ஒரு மாதத்துக்குள் பெயர் சொல்லியாக வேண்டும். எனவே பிறப்பதற்கு முன்பே பேசி வைப்பது நல்லது. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். யாழினியை எழுதும்போது தமிழ்நாட்டில் இசட்டும் எச்சும் சேர்ப்போம். ஈழத்து வழக்கில் எல் ஒன்றே போதும். எது உங்களுக்கு ஏற்றது என்று ஒரு தடவை தீர்மானித்த பின், எண் கணிதத்துக்காகவோ சோதிடர் சொன்னார் என்றோ ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். பிறகு கெசட்டில் பெயர் திருத்தம், அதற்கேற்ப ஒவ்வொரு சான்றிதழிலும் திருத்தம் என்று அலைவது அந்தப் பெண்தான்.

நட்சத்திரமும் குலதெய்வமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முதலில் நான்கைந்து பெயர்களை இரு வீட்டாரும் தொலைபேசியிலோ காணொளி அழைப்பிலோ ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பாட்டிக்கு வராத பெயரும் இந்தப் பாட்டிக்கு வராத பெயரும் விலகட்டும். மிஞ்சியதில் பிடித்த எழுத்தையும் பொருளையும் அம்மனையும் தேடிக்கொள்ளலாம், தேடினால் கிடைக்கும். வரதட்சணையிலும் வாரிசுரிமையிலும் பெண் குழந்தைக்கு இன்னும் முழு நீதி செய்யாத சமூகம் நாம். அவள் பெயரையாவது ஒரு குடும்பத்தின் வெற்றியாகவும் இன்னொரு குடும்பத்தின் தோல்வியாகவும் ஆக்காமல், இரண்டு வீட்டிலும் சம உரிமையோடு அவள் பெறும் முதல் சொத்தாக ஆக்குவோம்.