ரயில் சிக்னலை ரீஸ்டார்ட் பண்ணினால் என்ன ஆகும்?

எங்கள் தொழிலில் எல்லா வியாதிக்கும் ஒரே கஷாயம்தான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" இருபது வருஷமாக இதைச் சொல்லித்தான் சோறு தின்கிறேன். போன மாதம் ஒருநாள் திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். வேளச்சேரி பக்கம் போகிற சிக்னல் வெகுநேரம் சிவப்பிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் நண்பனிடம், "சிஸ்டம் ஹேங் ஆயிருக்கும்டா, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்" என்றான். எனக்கும் அதேதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ரயில்வே விதிகளைக் கொஞ்சம் தோண்டிய பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு அசட்டுத்தனமாக யோசித்தோம் என்று புரிந்தது.

ஆக்சில் கவுண்டர் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள பாதைக்குள் எத்தனை சக்கர அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியே போயின என்று எண்ணுவதுதான் அதன் வேலை. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமம் என்றால் பாதை காலி. நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால்? நான் எழுதுகிற புரோகிராம் என்றால் பூஜ்யத்திலிருந்து சமர்த்தாக எண்ண ஆரம்பித்துவிடும். பூஜ்யம் என்றால் "காலி" என்று அர்த்தம். உள்ளே ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால் அவ்வளவுதான். அதனால் ஆக்சில் கவுண்டர் விழித்துக்கொண்டதும் முதலில் சொல்வது, "உள்ளே வண்டி இருக்கிறது." இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மனிதர்களின் பொறுப்பு.

கடைசியாகப் போன வண்டி முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறார்கள். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறியும் 'எல்.வி.' என்று ஒரு பலகையும் பார்த்திருப்பீர்கள். அது இதற்குத்தான். பலகை வந்துவிட்டால், நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று பொருள். அதற்கப்புறம்தான் ஸ்டேஷன் மாஸ்டர் சாவி போட்டு ரீசெட் செய்யலாம். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ஒரு எண் ஏறும், அது பதிவேட்டில் எழுதப்படும். யாரும் சத்தமில்லாமல் தட்டிவிட்டுப் போக முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் கருவி "காலி" என்று சொல்லாது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அடுத்த வண்டியை எழுத்து மூலமான அனுமதியோடு, ஜாக்கிரதையாக அனுப்ப வேண்டும். அது ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் கணக்குப் பிசகாமல் வெளியேறினால்தான் கருவி சமாதானமாகும். சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி, லேசில் நம்பாது!

ஸ்டேஷன் முழுவதையும் ஆளும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்குக்கும் இதே சுபாவம்தான். எழுந்ததும் எல்லா சிக்னலும் சிவப்பு. தண்டவாளம் பிரிகிற பாயின்ட் எதுவும் தானாக நகராது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்கள் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடும். விடை ஒத்துப்போகாவிட்டால் மறுபடி சிவப்பு.

இவ்வளவு இருந்தும் 2023 ஜூன் 2 நடந்தது. நம் சென்னை சென்ட்ரலுக்கு வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் பக்கம் பஹானாகா பஜார் ஸ்டேஷனை மாலை ஏழு மணி வாக்கில் நெருங்குகிறது. மெயின் லைனுக்குப் பச்சை. ஆனால் 17ஏ/பி என்ற பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி நிற்கிறது. சுமார் 128 கி.மீ. வேகம். 290 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அன்று அங்கே 94ஆம் எண் லெவல் கிராசிங் கேட்டின் மின்சாரத் தடுப்பை மாற்றும் வேலை நடந்திருந்தது. அந்த வேலையிலும், அதற்கு முன்பு ஒரு சமயம் சிக்னல் கம்பிகளை மாற்றியமைத்ததிலும் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பாயின்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டிய சர்க்யூட் பொய் சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. உள்ளே வந்த தகவலே தப்பு. இரண்டு பிராசஸர் என்ன, இருபது இருந்தாலும் அதே பொய்யைக் கேட்டு ஒற்றுமையாகத் தலையாட்டியிருக்கும்.

இதற்கு மருந்து ஒரு காகிதத்தில் இருக்கிறது. டி/351 என்ற படிவம். சிக்னல் ஊழியர் வேலை தொடங்கும் முன் "இணைப்பைத் துண்டிக்கிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். முடித்த பிறகு சோதித்துவிட்டு "மீண்டும் இணைத்துவிட்டேன்" என்று எழுதித் தர வேண்டும். அந்தச் சோதனை என்பது திரையில் பச்சை விளக்கு பார்ப்பது இல்லை. ஒருவர் பேனலில் உட்கார, இன்னொருவர் வெயிலில் பாயின்ட் பக்கத்திலேயே நின்று, "இப்போ எந்தப் பக்கம் இருக்கு?" என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். அரை மணி, ஒரு மணி ஆகும். அதற்குள் வண்டிகள் வரிசையில் நிற்கும், கன்ட்ரோலிலிருந்து போன் வரும். அந்த அவசரத்தை நான் அறிவேன். விபத்துக்குப் பின் ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டு போடச் சொல்லி ரயில்வே வாரியம் உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் பூட்டைத் திறந்து முறைப்படி உள்ளே போனவர் கடைசிச் சோதனையைக் குறுக்கினால் பூட்டு என்ன செய்யும்?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, எல்லாம் பச்சையாகத் தெரிகிறதே என்று தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் ரீஸ்டார்ட் முடிந்ததும் என் சொந்தக் கார்டில் பத்து ரூபாய் கட்டி, பேங்கிலிருந்து எத்தனை எஸ்.எம்.எஸ். வருகிறது என்று எண்ணிவிட்டுத்தான் லேப்டாப்பை மூடுகிறேன்.