அழகுக்கு வைத்தாலும் 10 ஆண்டு ஜெயில்! தோட்டத்தில் ‘பாப்பி’ பூ வளர்க்கலாமா?

ஆரோவில்,

வெளிநாட்டுப் பூ விதை என்று ஆசையாக வாங்கி வைத்து இருக்கிறீர்களா? மண்ணில் போடுவதற்கு முன்பு பாக்கெட்டில் உள்ள பெயரைப் படியுங்கள். ‘பாப்பி’ என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்!

ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கும் ஒரு அம்மா, நமது நிருபரிடம் ஒரு விதை பாக்கெட்டை நீட்டினார்.

“ஊருக்குப் போன வெள்ளைக்காரம்மா குடுத்துட்டுப் போனாங்க தம்பி. கலர் கலரா பூக்கும்னாங்க. எம் பையன் பாத்துட்டு, ‘இது அபின் செடி, போலீஸ் புடிச்சுக்கும்’னு பயமுறுத்துறான். வெதைக்கட்டுமா, கொட்டிடட்டுமா?” என்று கேட்டார்.

பாக்கெட்டில் அபின் என்ற வார்த்தை இல்லை. ‘பியோனி பாப்பி’ என்றுதான் இருந்தது.

அங்கேதான் ஆபத்து!

ஒரே செடி, பல பெயர்

பாப்பியில் பல இனங்கள் உண்டு. அபின் எடுப்பது ‘பப்பாவர் சோம்னிபெரம்’ என்ற இனத்தில் இருந்து. பியோனி பாப்பி, பிரெட்சீட் பாப்பி, லெட்டூஸ் பாப்பி என்று விதைக்காரர்கள் அழகாகப் பெயர் வைத்து விற்பது எல்லாம் இந்த ஒரே செடியைத்தான்!

பையன் சொன்னது சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8-வது பிரிவு, அபின் செடியை யாரும் பயிரிடக்கூடாது என்கிறது. அழகுக்கு வைத்தேன், பூஜைக்கு வைத்தேன் என்றால் விதிவிலக்கு கிடையாது. எத்தனை செடி வரை வைக்கலாம் என்ற கணக்கும் இல்லை.

18-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

லைசென்சு வாங்கிப் பயிரிடலாமே என்று கேட்கலாம். மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில், அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளில் விவசாயிகளுக்குத்தான் லைசென்சு. குவாலியரில் உள்ள மத்திய போதைப்பொருள் துறை அதைக் கொடுக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு லைசென்சு கிடையாது.

தோட்டக்காரர் கதி என்ன?

விதை கொடுத்தவர் விமானம் ஏறிவிட்டார். மண்ணைக் கொத்தி விதைத்தவர்தானே மாட்டுவார்?

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொன்னால் போதாது. தெரிந்தேதான் செய்தார் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ள 35-வது பிரிவு இடம் கொடுக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் நிரூபிக்க வேண்டியது மாட்டிக்கொண்டவர் பொறுப்பு!

நிலத்துக்காரரும் தப்ப முடியாது. தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாவிட்டால், 46-வது பிரிவில் அவருக்கும் தண்டனை உண்டு.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

“பிடிபட்டது அபின் இனம்தான் என்று தாவர நிபுணர் சொன்னாரா?” என்று கேட்டு வக்கீல்கள் வாதாடியது உண்டு. இமாசலப்பிரதேச வழக்கு ஒன்றில் 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியை அடைத்துவிட்டது. பிடிபட்ட பாப்பி சக்கையில் மார்பினும் மெக்கோனிக் அமிலமும் இருப்பதாக ரசாயனப் பரிசோதனையில் தெரிந்தால் போதும், இனத்தை நிரூபிக்கத் தனிச் சோதனை தேவை இல்லை என்பது தீர்ப்பு.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. இங்கிலாந்தில் அழகுக்கு வளர்க்கத் தடை இல்லை; அபின் எடுத்தால்தான் குற்றம். அமெரிக்காவில் முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சனின் நினைவுத் தோட்டத்தில் இருந்த செடிகளையே 1991-ம் ஆண்டு பிடுங்கிவிட்டார்கள். அதனால் “எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கு” என்று வெளிநாட்டுக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சட்டம் இந்த ஊரில் செல்லாது.

கசகசா வாங்கலாமா?

குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் விதைதான். கடையில் வாங்கலாம், சமைக்கலாம், தப்பு இல்லை. அதையே தொட்டியில் தூவி முளைக்க வைத்தால் குற்றம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கவே கூடாது. அங்கே தடை!

அடையாளம் தெரியுமா?

அபின் செடியின் இலை சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், வழவழப்பாக, தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல் இருக்கும். காய் உருண்டையாகத் தலையில் கிரீடம் வைத்தது போல இருக்கும். கீறினால் வெள்ளைப் பால் வரும்.

சட்டம் பெயர் சொல்லித் தடுப்பது இந்த இனத்தைத்தான். ‘ஷெர்லி பாப்பி’ என்று விற்கும் சிவப்புப் பூவின் தண்டில் ரோமம் இருக்கும், காயும் சிறியது. அது வேறு இனம். ஆரஞ்சு நிற ‘கலிபோர்னியா பாப்பி’யும் வேறு.

நம் ஊர் ரோட்டோரங்களில் மஞ்சள் பூவோடு முள்ளும் முள்ளுமாக நிற்கும் பிரம்மதண்டும் பாப்பி குடும்பம்தான். அதற்குத் தடை இல்லை. ஆனால் அதன் விதை கடுகு மாதிரியே இருக்கும். அந்த விதையின் எண்ணெய் கடுகு எண்ணெயில் கலந்ததால்தான் 1998-ம் ஆண்டு டெல்லியில் பலர் உடம்பு வீங்கி இறந்தார்கள். குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்!

விவரத்தைச் சொன்னதும் அந்த அம்மா பாக்கெட்டைத் திரும்ப வாங்கவே யோசித்தார். “பூவுக்குப் போயி ஜெயிலா? நமக்குக் கனகாம்பரமே போதும் தம்பி” என்றார். பாக்கெட் பிரிக்காமலேயே அடுப்புக்குப் போனது.

பெயர் தெரியாத விதையை யார் கொடுத்தாலும், முதலில் கேளுங்கள். பிறகு விதையுங்கள்!