வலியன் என்னும் கரிக்குருவி

திருவிளையாடற் புராணத்திலே கரிக்குருவிக்கு உபதேசஞ் செய்த படலம் ஒன்றுண்டு. காகம் முதலியவற்றாற் கொத்துண்டு வருந்திய குருவிக்குச் சோமசுந்தரப் பெருமான் மிருத்தியுஞ்சய மந்திரம் உபதேசிக்கிறார். எளியதாயிருந்த குருவி வலியன் ஆகிறது. புராணந்தானே என்று தள்ளிவிட வேண்டாம். கூடு கட்டுங் காலத்திலே, கிட்ட வரும் காகத்தையும் பருந்தையும் இப்பிளவுவாற் குருவி துரத்தித் துரத்திக் கொத்துவதை எங்கள் தோட்டவெளிகளிலேயே காணலாம். திருப்பாவை ஏழாம் பாசுரத்து ஆனைச்சாத்தனும் இதுவே என்பர். விடியுமுன்னே குரல் கொடுக்கும் பறவையாதலின் அது பொருத்தமே.

நமக்கு இது மின்கம்பியில் இருக்கும் சாதாரண குருவி. தெற்கிலிருந்து தொலைநோக்கியோடு வருவோர்க்கோ அரும்பொருள். இலங்கையில் வடக்கு, வடமேற்கு வறள்நிலங்களிலேயே இது வாழ்கிறது. கண்டியிலோ காலியிலோ காணமுடியாது. இலங்கைக்கே உரிய பறவையினங்கள் 30இற்கு மேல். அவற்றிற் பெரும்பாலானவை சிங்கராசம் போன்ற ஈரக் காடுகளுக்குரியவை. அங்குள்ள கொண்டைக் கரிக்குருவி வேறினம். எங்கள் பறவைச் செல்வமோ தமிழகத்தோடு பொதுவானது: கவுதாரி, கள்ளிப்புறா, நீண்டவாற் கீச்சான். காரணம் பழையது. பனியுகத்திலே கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக்குநீரிணை தரையாய்க் கிடந்தது. இருகரையும் ஒரே முட்புதர் நிலம்.

காண விரும்புவோர் தீவகத்து வெளிகளில் மேயும் மாடுகளின் முதுகைப் பார்க்கட்டும். புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிக்காக அங்கே காத்திருக்கும். வயிறு வெள்ளையாயின் அது மற்றொரு கரிக்குருவி; நாடெங்கும் உள்ளது. வெங்காயத்துக்கு மருந்தடிக்க நாம் காட்டும் அவசரத்தில் ஒரு பங்கை, வலியன் அமர நாலு தடி நாட்டுவதிற் காட்டலாம். புழுவையும் அந்துப்பூச்சியையும் அது கூலியின்றிப் பிடிக்கும். நஞ்சடித்த தோட்டத்திலோ அதற்கு இரையே இராது.