அடுத்த வீட்டுச் சட்டியும் நமது மனச்சாட்சியும்

இடம்பெயர்ந்த வாழ்வு பலவற்றைப் பொதுவாக்கிவிட்டது. ஒரே குழாய்க்கிணறு, ஒரே பாடசாலைக் கட்டடம், நிவாரணத்துக்கு ஒரே வரிசை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் புறப்பட்ட மக்கள், முன்பின் அறியாத ஊரவர்களோடு ஒரே தறப்பாளின் கீழ் படுத்துறங்கினர். ஆயினும் அடுப்பு மட்டும் பொதுவாக மறுத்தது. “அவை மாடு தின்கிற ஆக்கள்”, “அந்தப் பக்கத்தார் ஆமை காய்ச்சுவினம்” என்ற பேச்சு முகாமிலும் ஓயவில்லை. மீள்குடியேறிய பின்னரும் ஓயவில்லை. இப்பேச்சுக்குள் என்ன இருக்கின்றது என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

வழக்கம் எவ்வாறு பிறக்கிறது?

எந்த மிருகம் உணவு, எந்த மிருகம் உணவன்று என்பதை மனிதர் பெரும்பாலும் தம் வாழ்விலிருந்தே கற்றுக்கொள்கின்றனர். தன் வயலை உழுத எருதையும் தன் பிள்ளைக்குப் பால் தந்த பசுவையும் கறியாக்கக் கமக்காரனின் மனம் இடந்தராது. கடலோரத்தான் கடல் தந்ததை உண்டான். வன்னிக் காட்டோரத்தான் உடும்பையும் பன்றியையும் உண்டான். இவற்றோடு சமயமும் சேர்ந்துகொள்கிறது. சைவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தவிர்ப்பர். முஸ்லிம்கள் பன்றியை விலக்கி, முறைப்படி அறுத்ததையே உண்பர். கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளி இறைச்சி விலக்கு நாளாகும்.

பிற நாடுகளிலும் இப்படித்தான். ஐரோப்பாவில் 732ஆம் ஆண்டளவில் பாப்பரசர் 3ஆம் கிரகோரி, ஜெர்மானியர் நடுவே பணியாற்றிய போனிப்பாசுக்குக் கடிதம் எழுதி, குதிரை இறைச்சி உண்பதை நிறுத்தச் செய்யும்படி பணித்தார். ஆனால் 1866இல் பாரிஸ் நகரில் குதிரை இறைச்சிக் கடைகளுக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்தது. பிரான்சில் சிலர் அதை விரும்பி உண்ண, கடலுக்கு அப்பால் ஆங்கிலேயர் அதை நினைத்தாலே முகம் சுளிக்கின்றனர். மிருகம் ஒன்றே, மாறுவது மனிதரின் பழக்கமே.

வழக்கம் இழிவாகும்போது

வழக்கம் இருப்பதில் தவறில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டு மனிதரை மேல் கீழ் என்று தரம் பிரிப்பதே தவறு. எமது சமூகத்தில் “மாடு தின்பவர்” என்ற சொல் பலவேளை உணவைப் பற்றிய சொல்லே அன்று. சாதியை வெளிப்படையாகச் சொல்லக் கூசுகிறவர்கள் உணவின் பெயரால் அதைச் சொல்லிவிடுகிறார்கள். தண்ணீர்ச் செம்பை நீட்டாதிருக்கவும், சம்பந்தம் மறுக்கவும், பந்தியில் ஒதுக்கி இருத்தவும் அது வசதியான சாட்டாகிறது.

பேதுரு யோப்பாவில் கண்ட காட்சியை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தீட்டென்று அவர் எண்ணிய மிருகங்களை உண்ணும்படி ஒரு குரல் பணித்தது. அவ்வேளை அவர் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். செத்த மிருகங்களைத் தொடும் அத்தொழிலை அக்காலத்தவர் தாழ்வாகவே கருதினர். அந்தக் காட்சியிலிருந்து பேதுரு எடுத்துக்கொண்ட முடிவு உணவோடு நின்றுவிடவில்லை. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது என்பதே அவர் கண்ட பொருள்.

அப்படியாயின் எதையும் உண்ணலாமா?

இல்லை. அயலவரின் சட்டியை எட்டிப்பார்ப்பதை விட்டுவிட்டு, நமது சட்டியைப் பற்றி நாமே கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது: அது எப்படிச் செத்தது? 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் என்பவர், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமை விற்ற விதத்தை எழுதிவைத்துள்ளார். ஆமையை மல்லாக்காகக் கிடத்தி, அடியோட்டை அகற்றி, உயிர் துடிக்கத் துடிக்க, கேட்டவருக்குக் கேட்ட துண்டாக வெட்டிக் கொடுத்தார்களாம். எந்த வழக்கமும் இக்கொடுமையை நியாயப்படுத்தாது. காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியும் இத்தகையதே. சிங்களத்தில் ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் அதைக் கடிக்கும் யானைக்கன்று, வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. பயிரைக் காக்கும் உரிமை கமக்காரனுக்கு உண்டு. இப்படிச் சித்திரவதை செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

இரண்டாவது: அது யாருடையது? 2009இல் வன்னி மக்கள் தம் பட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினர். மாட்டின் உடலில் சுட்ட குறி, உரிமையாளன் எங்கிருந்தாலும் அவனுடைய உரிமைச் சீட்டாகும். இன்றும் இரவில் களவாக அறுத்து, தலையையும் தோலையும் பற்றைக்குள் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று, எங்கிருந்து வந்ததெனக் கேளாமல் வாங்குபவரும் அக்களவில் பங்காளியே. பால்மாட்டை இழந்த விதவைத் தாய்க்கு அது ஒரு மிருகத்தின் இழப்பு மட்டுமன்று. பிள்ளைகளின் கொப்பியும் சோறும் அதனோடு போகின்றன.

மூன்றாவது: நாளைக்கு அது இருக்குமா? எமது கரைகளுக்கு வரும் 5 வகைக் கடலாமைகளும், கடற்பசுவும், மானும் மரையும் வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆமைக்குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்டப் பல்லாண்டுகள் செல்லும்; ஒரு தாயாமையைக் கொன்றால் ஈடுசெய்வது எளிதன்று. மேலும் ஆமை இறைச்சி சிலவேளை நஞ்சாகும். 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை உண்ட 28 பேரில் 18 பேர் ஒரே இரவில் இறந்தனர் என்பதையும் ரெனன்ற் பதிவுசெய்துள்ளார். சமைப்பதால் அந்நஞ்சு நீங்குவதில்லை.

ஒன்றாக வாழும் வழி

பொதுச் சமையலில் எவருக்கும் தெரியாமல் எதையும் கலக்கலாகாது. 2013இல் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மாட்டிறைச்சி என்று விற்ற பொருள்களில் குதிரை இறைச்சி கண்டுபிடிக்கப்பட்டபோது, மக்கள் கொதித்தெழுந்தது பெரும்பாலும் தாம் ஏமாற்றப்பட்டதற்காகவே. உண்ணாதவரை வற்புறுத்துவதும், பகிடி என்று அவர் கோப்பையில் இடுவதும் அன்பன்று. ஓர் உணவு தன் சகோதரனுக்கு இடறலாகுமாயின் இறைச்சியே உண்பதில்லை என்றார் பவுல். உண்பவர் இந்த மனத்தோடு விட்டுக்கொடுக்கட்டும். உண்ணாதவர் தம் விரதத்தைப் பெருமைக்குரிய ஏணியாக்காதிருக்கட்டும். வேறு சட்டி, வேறு அகப்பை வைத்துக்கொள்ளலாம். வேறு பந்தி வைக்க வேண்டியதில்லை.

குழுவில் கலந்துரையாட:

1. உணவின் பெயரால் எவரையேனும் நமது கிராமத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறோமா?
2. களவு மாட்டிறைச்சி விற்பனையைத் தடுக்க நமது சங்கம் என்ன செய்யலாம்?
3. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க, வாய்வெடியும் கம்பிச் சுருக்கும் இல்லாத வழிகள் எவை?